ஆறாவது ரவை

துப்பாக்கிக் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து அதை எடுத்து, ஒரு பச்சைத் துணியின் மேல் வைத்து, அக்காவின் பக்கம் தள்ளினார். மெல்லிய குழல் வைத்த ரிவால்வர். இவ்வளவு பெரிய ரவை போடுகிற ரிவால்வர்களில் இதைவிடப் பாரம் குறைந்தது தன்னிடம் இல்லை என்றார். நாள் முழுக்க இடுப்பில் கிடந்தாலும் தெரியாதாம். ரவை என்பது எங்கள் ஊரில் தோட்டாவுக்குப் பெயர்.

அக்கா அதைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாரம் குறைஞ்சா உதை கூடும். பேந்து?" என்றார்.

பேந்து என்றால் பிறகு. யாழ்ப்பாணத்தார் எல்லோரும் புழங்குகிற சொல்தான். ஆனால் அக்காவின் வாயில் அது எப்போதும் கேள்வியாகத்தான் வரும். யார் எதைச் சொன்னாலும் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, பேந்து?" என்பார். அதற்குப் பதில் சொன்னால் அதற்கும் ஒரு பேந்து இருக்கும்.

கனடாவில், ரொறொன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் நாங்கள் இருவரும் ஒரு அப்பார்ட்மெண்டைப் பகிர்ந்திருந்தோம். பன்னிரண்டாம் மாடியில் நல்ல வெளிச்சமான வீடு ஒன்று காலியாக இருந்தும், இரண்டாம் மாடியில் குப்பைத்தொட்டியைப் பார்த்தபடி இருந்த வீட்டைத்தான் அக்கா எடுத்தார். "நெருப்புப் பிடிச்சா படியாலை இறங்கலாம் எண்டுறாய். படியிலை புகை. பேந்து? இதிலையெண்டா ஜன்னலாலை குதிக்கலாம். கால்தான் முறியும்." எனக்கு ஒரு கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளையின் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "பொடியன் வடிவாத்தான் இருக்கிறான். நல்ல வேலை. சரி, அந்த வேலை போனா என்ன செய்வான்? கோவம் வந்தா என்ன செய்வான்? கேட்டனியே?" நான் கேட்கவில்லை. பிறகு கேட்டுப் பார்த்ததில் அந்தப் பேச்சே நின்றுபோனது. அதற்காக அக்காவை நான் குறை சொன்னதில்லை.

அக்கா என்னோடு கூடப் பிறந்தவர் அல்ல; என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஊரில் நிலவியல் படித்தவர். ரொறொன்ரோவில் கனிமம் தேடுகிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. அதே கம்பெனியின் அலுவலகத்தில் நான் வரைபடங்கள் கீறிக்கொண்டிருந்தேன். குளிர்காலத்தில் அவரும் என் பக்கத்து மேசையில் இருப்பார். பனி உருகியதும் வடக்கே, ரோட்டே இல்லாத காடுகளுக்குச் சிறிய விமானத்தில் போய், கூடாரம் அடித்து, இலை பழுக்கும்வரை பாறை உடைப்பார். துணைக்கு ரகு போவான். பதினைந்து வயதில் தாயோடு கனடா வந்து, இங்கேயே பல்கலைக்கழகம் முடித்தவன். எந்நேரமும் ஏதாவது பாடிக்கொண்டிருப்பான். அக்காவுக்கு அவனைப் பிடிக்கும். அதை ஒருபோதும் வாயால் சொன்னதில்லை. அவனுடைய சப்பாத்துகளின் அடியை மட்டும் ஒவ்வொரு வசந்தத்திலும் தானே வளைத்துப் பார்ப்பார்.

அதற்கு முந்தைய கோடையில் ஒரு கறுத்தக் கரடி அவர்களுக்கும் கூடாரத்துக்கும் நடுவில் வந்து நின்றது. விசில் ஊதியும் போகவில்லை. பாத்திரத்தில் தட்டியும் போகவில்லை. வெகுநேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானாகவே அலுத்துப்போய்ப் போனது. அந்தக் குளிர்காலம் முழுக்க அக்கா பொலிஸ் அனுமதிக்காக அலைந்தார். ரைபிள் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் திசைகாட்டி, முதுகில் கல்லு மூட்டை. ரைபிளை மரத்தில் சாத்திவிட்டுத்தான் குனிய வேண்டும். கரடி மரத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்தால்? ஆகவே இடுப்பில் கிடக்கிற சாமான்தான் சரி.

பிக்கரிங்குக்கு அப்பால் ஒரு துப்பாக்கிச் சங்கத்தின் மைதானம் இருந்தது. ஏப்ரலில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னுடைய பழைய காரில் மூன்று பேரும் போவோம். நான் சுடவில்லை. காதை அடைத்துக்கொண்டு பின்னால் நின்று பார்ப்பேன்.

முதல் நாள் கடைக்காரர் சொன்னபடியே எல்லாம். பளபளவென்று மெருகு போட்ட மெல்லிய மரப்பிடி. பெட்டியில் கரடிப் படம் போட்ட, கடையில் இருந்ததிலேயே பலமான ரவை. முதல் வெடிக்கு ரிவால்வர் அக்காவின் நெற்றிவரை எழும்பியது. இரண்டாவதுக்குப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தோல் கிழிந்து ரத்தம் மணிக்கட்டுக்கு ஓடியது. நான் போய்க் கையைப் பிடித்தேன். "விடு பிள்ளை. கரடி வந்தா பாண்டேச் ஒட்டிப்போட்டே சுடுறது?" என்று இன்னும் இரண்டு வெடி வைத்தார். ஐந்தாவதுக்கு விசை அசையவில்லை. ரவைகள் இருக்கிற உருளை அப்படியே இறுகிப் போயிருந்தது.

நெடுநேரம் மெதுவாகத் தட்டித் தட்டி அதைத் திறந்தார். மிச்சம் இருந்த ரவை ஒன்றை எடுத்து எங்களுக்குக் காட்டினார். பித்தளைக் கோதுக்குள் இருக்கவேண்டிய ஈயம் ஒரு நெல்லுமணி அளவு வெளியே வந்து, முன்னால் இருந்த இரும்புச் சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது.

"துவக்கு பின்னுக்கு உதைக்கேக்கை கோதும் அதோடை பின்னுக்கு வருகுது. ஈயம் நிண்ட இடத்திலை நிக்கப் பாக்குது. கோது இறுக்கிப் பிடிக்காட்டி கழண்டு வெளியாலை வரும். பாரமான துவக்கெண்டா இவ்வளவு உதை இல்லை."

ரகு சிரித்தான். "அக்கா, நாலு வெடி போதும். பவர்தான் முக்கியம். கரடி என்ன, முயலே?"

"நாலு வெடி வைச்சாச்சு. கரடி விழேல்லை. பேந்து? உதாலை அதின்ரை மண்டையிலை அடிக்கப் போறியோ?"

அடுத்த ஞாயிறு மரப்பிடி போய் ரப்பர்ப் பிடி வந்தது. அது கைக்குப் பெரிது. விசையை எட்ட விரலை நீட்ட வேண்டியிருந்தது. அதற்கடுத்ததும் ரப்பர்தான். ஆனால் ஒடுக்கம், விரல்களுக்குப் பள்ளம் வைத்தது, பின்பக்க இரும்பை மூடி நிற்பது. அது உள்ளங்கையில் பொருந்தியது. பொருந்தினால் போதாது அக்காவுக்கு. சவர்க்கார நுரைத் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு சுட்டார். காட்டில் நுளம்புக் கடிக்குப் பூசுகிற எண்ணெயைக் கை முழுக்கத் தேய்த்துக்கொண்டு சுட்டார். கையுறையோடு சுட்டார். இடது கையால் மட்டும் சுட்டார். "வலக்கையைக் கரடி வாயிலை வைச்சிருந்தா?" என்று அவர் சொன்னபோது ரகு மட்டும்தான் சிரித்தான்.

ரவைகளிலும் அப்படித்தான். ஆறைப் போட்டு ஐந்தைச் சுட்டுவிட்டு, சுடாத ஆறாவதை எடுத்து அளவுகோலால் அளப்பார். ஒவ்வொரு வகையாகக் கழித்துக் கழித்து, கடைசியில் நடுத்தரப் பலமுள்ள ஒன்றில் வந்து நின்றார். அதில் கோதின் வாய் ஈயத்தை நன்றாகக் கவ்விப் பிடித்திருந்தது. ஐந்து வெடிக்குப் பிறகும் ஆறாவது அசையவில்லை. அன்றைக்கு அக்கா எங்கள் இருவருக்கும் கோப்பியும் டோனட்டும் வாங்கித் தந்தார். பாதி வழியில் ரகுவின் பாட்டுக்குத் தலையைக்கூட ஆட்டினார்.

ஒன்றை மட்டும் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். ரவையைத் தெரிந்தெடுத்த பிறகும், பழகுவதற்காகச் சுடும்போது, அக்கா ஆறாவதைச் சுடவே மாட்டார். ஐந்தைச் சுடுவார். ஐந்து வெற்றுக் கோதுகளைத் தட்டிக் கொட்டிவிட்டு ஐந்து புதிதைப் போடுவார். ஆறாவது அப்படியே கிடக்கும். ஒரு நாள் வீட்டில் என்னிடம் சிவப்பு நகப்பூச்சு கேட்டு வாங்கி, ஒரு ரவையின் அடியில் பொட்டு வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பொட்டு வைத்ததுதான் எப்போதும் ஆறாவது. கடைசி வெடிக்கு வருகிற மாதிரிப் பார்த்துத்தான் உருளையை மூடுவார்.

"அதை ஏன் அக்கா சுடாமல் வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

குசினி மேசையடியில் இருந்து ரிவால்வரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சண்டை நேரம் எங்கடை வீட்டிலை, ஷெல்லுக்குப் பதுங்கிறதுக்கு, பங்கர் வெட்டினது என்ரை மனுசன்தான். நல்ல ஆழம். மேலை தென்னங்குத்தி அடுக்கி, மண்மூட்டை போட்டு, ஊரே வந்து பாத்தது. ஒரு வாசல்தான் வைச்சவர். ரெண்டு வைச்சா தண்ணி உள்ளுக்கை வரும் எண்டார். நானும் ஓம் எண்டன்."

துடைப்பதை நிறுத்தினார்.

"ஷெல் வாசலிலை விழுந்தது. நான் கிணத்தடியிலை நிண்டனான். அவரும் மகளும் உள்ளுக்கை. அவரின்ரை சத்தம் கேக்கேல்லை. மகள் கதைச்சவள். குத்தி ஒண்டு அவளின்ரை காலிலை கிடந்திருக்கு. அம்மா நோகுது, அம்மா எடுங்கோ எண்டு. நான் கையாலை கிண்டினன். ஆக்கள் வந்தவை, திரும்பவும் ஷெல் அடிக்க ஓடீட்டினம். பொழுதுபடும்வரைக்கும் கதைச்சவள் பிள்ளை. நாலு வயசு."

ரிவால்வரைத் துணியில் சுற்றினார்.

"ஐஞ்சு கரடிக்கு. ஆறாவது, ஆரும் அப்பிடிக் கிடக்க வேண்டி வந்தா. எனக்கெண்டாலும் சரி, ரகுவுக்கெண்டாலும் சரி."

அவர் போய்க் கை கழுவினார். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. நான் எழுந்து நிறுத்தினேன். ஆறு மாதமாக ஒரே வீட்டில் அவரோடு சாப்பிட்டுத் தூங்கிய எனக்கு, அன்றைக்கு முதல் முறையாக அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. ரகுவிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். என்னவென்று சொல்வது? அந்த மே மாதம் இருவரும் வடக்கே போனார்கள்.

பின்னேரங்களில் முகாமில் இருந்து ரேடியோவில் அலுவலகத்துக்குக் கூப்பிடுவார்கள். அதை எடுப்பது என் வேலை. எத்தனை மாதிரிக் கல், என்ன சாமான் முடிந்தது, மழையா வெயிலா. கடைசியில் ரகு ஒரு வரி பாடிவிட்டு வைப்பான். வாரத்தில் ஒரு நாள் அக்கா சுட்டுப் பழகுகிறார், ஐந்தே ஐந்து வெடி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று அவன்தான் சொன்னான்.

ஆகஸ்டில் ஒரு பின்னேரம் ரேடியோ வரவில்லை. நான் கூப்பிட்டேன். இரைச்சல் மட்டும்தான். நல்ல வெயில் நாள் என்பதால் முதலாளி கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். அக்காவோடு இருந்து பழகின எனக்குப் பொறுக்க முடியவில்லை. கத்தினேன். அவர் ஹெலிகொப்டருக்குச் சொன்னார். வடக்கே கோடையில் இருட்ட நேரமாகும். வெளிச்சம் போவதற்குள் அவர்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

முகாமில் இருந்து வெகு தூரத்தில், ஒரு பாறைச் சரிவில், காலையில் நடந்திருக்கிறது. ரகு குனிந்து கல் உடைத்துக்கொண்டிருந்தான். கரடி சத்தமே இல்லாமல் பின்னால் வந்தது. அக்கா திரும்பியபோது அவன் தலை அதன் வாயில் இருந்தது. அவர் ஓடிக் கிட்டப் போய், அவனில் படாத பக்கமாக நின்று, ஐந்தையும் சுட்டார். கரடி அவன் மேலேயே விழுந்தது. அதை அவர் எப்படிப் புரட்டினார் என்று ஹெலிகொப்டரில் போனவர்களுக்கு விளங்கவில்லை. தன் சட்டையைக் கிழித்து அவன் முகத்தைச் சேர்த்துக் கட்டியிருந்தார். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாள் முழுவதும் அங்கேயே இருந்திருக்கிறார்.

ரகு பிழைத்தான். ரொறொன்ரோ ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தான். ஒரு கண் போனது. மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. மூக்கும் ஒரு கன்னமும் வேறு இடத்துத் தோல் வெட்டி வைத்தது. பாட்டு இல்லை. தாடை ஒழுங்காகத் திறக்காது. தமிழ்ப் பத்திரிகை ஒன்று அக்காவை வீரப் பெண்மணி என்று எழுதியது. கடைகளில் ஆட்கள் வந்து கையைப் பிடிப்பார்கள். அக்கா சாமான்களை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். ரிவால்வரைப் பொலிசிடம் கொடுத்துவிட்டார். வேலையையும் விட்டார். அதற்குப் பிறகு அவர் வாயில் 'பேந்து?' என்ற கேள்வியை நான் கேட்டதாக நினைவில்லை.

அவனை வீட்டுக்கு விட்ட பிறகு ஒரு சனிக்கிழமை, நகரின் கிழக்கு ஓரத்தில், ரூஜில் இருந்த அவர்கள் வீட்டுக்கு அக்காவை நான் கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்த ரகுவின் தாய் அக்காவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீதானம்மா எனக்கு அவனைத் திருப்பிப் பெத்துத் தந்தனி."

அக்கா கைகளை இழுத்துக்கொண்டார். தாய் தேத்தண்ணி போட உள்ளே போனார். திரைச்சீலை இழுத்து மூடிய அறையில் ரகு ஒரு சாய்வு நாற்காலியில் இருந்தான். அக்கா அவனுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். நான் கதவடியில் நின்றேன்.

"ரகு, உனக்கு ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லுங்கோக்கா." ஒவ்வொரு சொல்லாகத்தான் அவனுக்கு வந்தது.

"கரடி விழுந்த பிறகு நீ கத்தினனி. என்னைச் சாக்கொல்லுங்கோ எண்டு கேட்டனி. எனக்குக் கேக்க ஏலாமல் போச்சு. நான் உன்னைச் சுட்டனான்."

அவன் முகத்தை அவர் குரல் வந்த பக்கம் திருப்பினான்.

"விசையை இழுத்தனான் ரகு. அசையேல்லை. ரெண்டு கையாலையும் இழுத்தனான். உருளை இறுகிப்போச்சு, திறக்கவும் ஏலேல்லை. அந்த ஒரு ரவையைக் கோடை முழுக்க நான் மாத்தேல்லை. வாரத்துக்கு வாரம் மற்ற ஐஞ்சின்ரை உதையையும் அது வாங்கி வாங்கி, ஈயம் கொஞ்சம் கொஞ்சமாக் கழண்டு வந்திருக்கு. மற்றதெல்லாம் அளந்து பாப்பன். அதை மட்டும் அளக்கேல்லை. தொட விருப்பமில்லாமல் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. நான் உன்னைக் காப்பாத்தேல்லை."

நான் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும்" என்றான் ரகு. "குழல் காதடியிலை பட்டது. நல்ல சூடு. நீங்கள் அழுதது கேட்டது."

உள்ளே கோப்பைகள் முட்டுகிற சத்தம் வந்தது.

"அது வெடிச்சிருந்தா உங்களிலை எனக்கு ஒரு கோவமும் இருந்திராதக்கா. இப்ப ஒவ்வொரு நாளும் விடிய எழும்பேக்கை கோவம் வருது. ஆரிலை கோவிக்கிறதெண்டுதான் தெரியேல்லை."

அக்கா தலையைக் குனிந்தபடி இருந்தார்.

"அம்மாவுக்குச் சொல்லாதையுங்கோ" என்றான்.

தாய் தட்டோடு வந்தார். முதல் கோப்பையை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு அவர் தலையைத் தடவினார். அக்கா அந்தத் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார்.

இனி அங்கே போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவரே பஸ் பிடித்துப் போனார். அதற்கடுத்த சனியும் போனார். பனி கொட்டுகிற நாட்களில் நான் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வெளியே எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பேன். அதிக நேரம் இருக்க மாட்டார். திரும்பி வரும்போது ஒன்றும் பேசவும் மாட்டார். இப்படி ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது. ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன்.

"அவன் உங்களோடை கதைக்கிறவனோ அக்கா?"

"வரவேண்டாம் எண்டு சொல்லுவான். ஒவ்வொரு முறையும் சொல்லுவான்."

"அப்ப ஏன் போறியள்?"

அவர் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையுறையால் துடைத்தார்.

"மிச்சக் கண்ணுக்கு மருந்து விடவேணும். இமை ரெண்டையும் விரிச்சுப் பிடிச்சு, நேராச் சொட்டு விடவேணும். பாத்துக்கொண்டு செய்யிறது கஷ்டம். தாய்க்குக் கை நடுங்குது. கிழமை நாளிலை நேர்ஸ் வாறா, சனியிலை வாறதில்லை. எனக்குக் கை நடுங்காது."